ரெக்சினுக்கு அடியில் நான் தைத்து மூடியவை: வன்னி வான்காரருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாங்குளம், மல்லாவி என்று வன்னி முழுக்க ஹயருக்கு வான் ஓடுகிற உங்களில் கனபேருக்கு என் முகம் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் "குசன் கடை அண்ணை" என்றால் விளங்கும். உங்கள் வானின் சீற்றைத் தைத்தவன் நான். கறுப்பு ரெக்சினில் சிவப்பு ஓரம் பிடித்தது, நடுவில் சாய்சதுரமாகத் தையல் ஓட்டியது, கலியாண சீசனுக்கு முதல் ஒரே கிழமையில் நாலு வான் முடித்துத் தந்தது எல்லாம் நான்தான். என் கையால் நடந்த ஒரு பிழையைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதில் உங்களுக்கும் பங்கு இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

போன மாசியில் ஒரு டொல்பின் வான் என் கடைக்கு வந்தது. முன் கண்ணாடி இல்லை. இடது பக்க மூக்கு உள்ளே போயிருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த வான். கனகராயன்குளம் தாண்டி மாங்குளத்துக்கு வரும் வழியில், விடியப்புறம் நாலு மணிபோல, நடு வீதியில் மாடு படுத்திருந்திருக்கிறது. சாரதி ஸ்ரேறிங்கை வெட்டியதில் வான் மதகுக் கட்டில் போய் மோதிவிட்டது. சாரதி பெல்ற் போட்டிருந்தார். நெஞ்சில் வார் பட்ட கண்டல், அவ்வளவுதான். மாட்டுக்கும் ஒன்றுமில்லை, எழும்பிப் போய்விட்டதாம்.

தகர வேலை, வெல்டிங், பெயின்ற் எல்லாம் முடிந்த பிறகு உள்வேலைக்கு என்னிடம் கொண்டுவந்தார்கள். சாரதி சீற்றின் முதுகுப் பக்க ரெக்சினைக் கழற்ற வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இரண்டு சின்னப் பள்ளம். கத்தி கீறியதோ என்று முதலில் நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பல். மேல்வரிசை முன் பல் இரண்டு, ரெக்சினைத் துளைத்து ஸ்பொஞ்ச் வரைக்கும் போயிருந்தது. வளர்ந்த ஆளின் பல் அவ்வளவு சின்னதாக இராது.

பிறகு அந்தப் பிள்ளை இருந்த நடு வரிசைச் சீற்றைக் கழற்றினேன். ஐந்து வருடத்துக்கு முதல் நானே தைத்த சீற். மூலையில் இரட்டைத் தையல் போடுவது என் பழக்கம், அதனால் எனக்குத் தெரியும். உறையை உரித்தேன். ஸ்பொஞ்சுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு பெல்ற் லொக், ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டியபடி கிடந்தன. ஒன்றை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். டக் என்று வேலை செய்தது. யப்பானில் பூட்டி அனுப்பியது, தூசிகூடப் படாமல் புதுசாக இருந்தது. ரப்பர் வளையம் மட்டும் உக்கிப் போய் கையோடு வந்தது.

அந்த ரப்பர் வளையத்தைப் போட்டவன் நான்.

பிள்ளைக்கு உதட்டில் தையல், இரண்டு பல் போய்விட்டது. பக்கத்தில் இருந்த அம்மம்மாவுக்கு இடுப்பு எலும்பு. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் பட்டார்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காயும் அடித்தார்கள். சரி. நானும் அப்படியே ஆறுதல் பட்டிருக்கலாம். ஆனால் அந்த லொக் இரண்டு கிழமையாக என் தையல் மெசினுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒவ்வொரு தரமும் நூல் மாற்றக் குனியும்போது கண்ணில் பட்டது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். நீங்கள் சொல்லித்தான் செய்தேன். "அண்ணை, உந்த வார் எல்லாம் தொங்கிக்கொண்டு கிடந்தா வடிவில்லை, உள்ளுக்கு விட்டுத் தையுங்கோ." "ஆக்கள் ஏறி இறங்கேக்க சாறியில கொழுவுது." "பின்னுக்கு ஆர் அண்ணை பெல்ற் போடப் போகினம்?" இப்படி எத்தனை பேர் சொல்லியிருப்பீர்கள். நானும் மறுத்ததில்லை. லொக்கை உள்ளே விட்டுத் தைத்தால் உறை வழுவழுவென்று வரும், மடிப்பு விழாது, வேலை பார்க்க வடிவாயிருக்கும். சில வான்களில் வாரை வெட்டியும் விட்டேன். ஒருவர் அந்த வாரைக் கொண்டுபோய் ரெயிலருக்குச் சாமான் கட்டினார். நல்ல பலமான வார் என்று என்னிடமே வந்து புகழ்ந்தார்.

எங்கள் ஊருக்கு இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. கார்பரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். தேவையில்லாததைக் கழற்று, இருப்பதைக் கொண்டு ஓட்டு என்பதுதான் எங்கள் கராஜ்களில் படித்த பாடம். 2008, 2009 இல் உழவு மெசின் பெட்டியில் சட்டி பானைக்கு மேலே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடியவர்களுக்கு, பின் சீற் பெல்ற் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது. ஆனால் இப்போது ஏ9 வீதி அந்த வீதியில்லை. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரைக்கும் காபற் போட்டு, கோடு கீறி, கண்ணுக்கெட்டும் தூரம் நேராக இருக்கிறது. குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் 30 இல் ஊர்ந்த வான் இப்போது 90 இல் போகிறது. 70 தான் சட்டம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த 70 ஐயே எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 19 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. இருட்டில் மாட்டைக் கண்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி எடுக்கும். அதற்குள் வான் 29 மீற்றர் ஓடிவிடும். பிரேக் பிடிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அந்த வேகத்தில் போய் ஒரு கட்டில் மோதுவது, 19 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதற்குச் சமம். வளர்ந்த பனையின் உயரம் அது. 50 இல் மோதினால் ஏறக்குறைய 10 மீற்றர், ஓரளவு வளர்ந்த தென்னை. பனை வட்டுக்குள் மூன்று பிள்ளைகளையும் ஓர் அம்மம்மாவையும் இருத்திவிட்டுக் கீழே நின்று "பிடிச்சுக்கொண்டு இருங்கோ" என்று யாராவது சொல்வோமா? வானுக்குள் அதைத்தான் சொல்கிறோம்.

மடியில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 10 கிலோ குழந்தை. 50 இல் வந்த வான் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், அந்தக் குழந்தை தாயின் கையை 140 கிலோ பாரம்போல இழுக்கும். மூன்று பை சீமெந்துக்குக் கிட்ட. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அது பாசத்தின் குறையில்லை. தாயும் பெல்ற் போடாமல் இருந்தால், குழந்தை முன் சீற்றில் போய் அடிபட, அதன்மேல் தாய் போய் விழுவாள்.

இனி உங்கள் வான்களைப் பற்றி. இதில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்சி இருக்கிறது என்று தெரியும். தேத்தண்ணிக் கடையில் டொல்பினா கேடிஎச்சா என்று தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும். டொல்பின் என்று நாங்கள் சொல்வது ரொயோட்டா ஹைஏஸின் நாலாவது தலைமுறை, 1989 இல் வந்தது. 2.8 லீற்றர் 3எல் எஞ்சின் போட்டதென்றால் நல்லெண்ணெய் ஊற்றினாலும் ஓடும் என்பார்கள். கம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை, முழங்காவிலில் நின்றாலும் முள்ளியவளையில் நின்றாலும் ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த எவரும் பார்த்துவிடுவார். கேடிஎச் 2004 இல் வந்த அடுத்த தலைமுறை. இழுவை நல்லது, ஏசி போட்டாலும் மூச்சு வாங்காது, ஆனால் கம்பியூட்டர் கட்டுப்படுத்துகிற கொமன் ரெயில் டீசல் எஞ்சின். தண்ணி கலந்த டீசல் ஒரு தரம் அடித்தால் இன்ஜெக்டர் செலவு ஒரு போகத்து நெல்லை விழுங்கிவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வானுக்கெல்லாம் பொன் விலை ஏறியது. அதனால்தான் முப்பது வயது டொல்பின்கூட இன்னும் கலியாண வீட்டுக்கு மாலை போட்டுப் போகிறது. அதில் எனக்குக் குறையில்லை. என் அடுப்பு எரிவதே அந்தப் பழைய வான்களால்தான்.

ஆனால் டொல்பினோ கேடிஎச்சோ, இரண்டுக்கும் எஞ்சின் இருப்பது முன் சீற்றுக்கு அடியில். காருக்கு முன்னால் ஒரு நீட்டு மூக்கு இருக்கும். மோதினால் முதலில் அது நசுங்கி, அடியில் பாதியைத் தான் வாங்கிக்கொள்ளும். எங்கள் வானுக்கு மூக்கே இல்லை. சாரதியின் முழங்காலுக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு தகரம். இது வானின் பிழையில்லை. இடம் மிச்சம் பிடிக்க அப்படிச் செய்தார்கள், அதனால்தான் உள்ளே இத்தனை பேர் இருக்க முடிகிறது. மூக்கில்லாத வண்டி அடியை அவ்வளவாக உறிஞ்சாது, அதனால் உள்ளே இருக்கிற ஆளை சீற்றோடு பிடித்து வைக்கிற வாருக்குத்தான் வேலை கூட. நாங்களோ அந்த வாரையே வெட்டினோம்.

அதோடு, கனபேர் கவனிக்காத ஒன்று. என் தொழில் என்பதால் எனக்குத் தெரிகிறது. எங்களிடம் வருகிற வான்களில் ஒரு பகுதி யப்பானில் சாமான் ஏற்ற ஓடியவை. பின்னால் மடிக்கிற வாங்கு ஒன்று இருக்கும், அதற்கும் பின்னால் வெறும் தளம். இங்கே வந்த பிறகு வேறு வானில் கழற்றிய சாயும் சீற்களை வாங்கி, தளத்தில் துளை போட்டுப் பூட்டி, பத்துப் பதினாலு பேர் இருக்கிற வானாக்குகிறோம். கொம்பனி பூட்டிய சீற்றின் கீழே, தளத்துத் தகரத்துக்கு உள்ளே, தடித்த இரும்புத் தகடு வைத்து வெல்ட் பண்ணியிருப்பார்கள். பெல்ற் போல்ற்றும் அப்படியொரு தகட்டில்தான் ஏறும்; 7/16 அங்குலம், கைவிரல் மொத்தம், சாதாரண போல்ற்றைவிடப் பலமான இரும்பு. நாங்கள் பூட்டுகிற சீற் எதில் நிற்கிறது? ஒரு மில்லிமீற்றர் சொச்சம் தகரத்தில் ஒரு துளை, கீழே ஒரு நாணயம் அளவு வாஷர். ஆள் பெல்ற் போட்டிருந்தாலும் அந்த வாஷர் தகரத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும், சீற் ஆளோடு சேர்ந்து முன்னால் பறக்கும். ஆகவே இருக்கிற சீற்றுக்கெல்லாம் பெல்ற் போடுங்கள் என்று நான் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. போட்ட சீற் எதில் நிற்கிறது என்று முதலில் வானுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வாஷர் மட்டும் இருந்தால், உள்ளங்கை அளவு தடித்த தகடு வெட்டி, துளை போட்டு, தளத்துக்கு அடியில் வைத்து இறுக்க வேண்டும். சட்டத்துக்குப் பக்கத்தில் போல்ற் விழுகிற மாதிரி சீற்றைக் கொஞ்சம் அரக்கினால் இன்னும் நல்லது. எந்த வெல்டிங் கடையிலும் அரை நாள் வேலை. இது கொம்பனி வேலைக்குச் சமமாகாது. ஆனால் வெறும் வாஷரைவிடத் திறம்.

நடைபாதையில் மடித்து விரிக்கிற குட்டிச் சீற் இருக்கிறதே, அதைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. முதுகு இடுப்பு வரைக்கும்தான், பிடிக்க ஒன்றும் இல்லை, கதவுக்குப் போகிற வழியையும் அடைத்துக்கொண்டு நிற்கும். சின்னப் பிள்ளைகளை எப்போதும் அதில்தான் இருத்துவோம், இடம் கொஞ்சம் போதும் என்று. கனக்க வான்களில் சறுக்குக் கதவு இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். வான் இடது பக்கம் சரிந்து விழுந்தால் அந்தக் கதவு நிலத்தோடு. பின் கதவுக்குப் பெட்டி அடுக்கியிருக்கும். பிறகு கண்ணாடி உடைத்துத்தான் ஆளை எடுக்க வேண்டும்.

பெட்டி என்றதும் நினைவு வருகிறது. கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஆளுக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு. நாலு பேர் வந்தால் 184 கிலோ. அதில் பாதியைக் கூரைக் கரியரில் கட்டுவோம், பாதியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் தலைக்கு மேலே வரும் வரைக்கும் அடுக்குவோம். கூரையில் பாரம் ஏற ஏற வளைவில் வான் சரியப் பார்க்கும். பின்னால் அடுக்கிய பெட்டி, பிரேக் போட்டதும் கடைசி வரிசையில் இருக்கிறவரின் பிடரிக்கு வரும். கனமானதைக் கீழே, சீற் முதுகோடு ஒட்டி வைத்து, ஒரு வலையோ கயிறோ போட்டுக் கட்டுங்கள். ரெயிலரில் நெல் மூடை கட்டத் தெரிந்த எங்களுக்குப் பெட்டி கட்டத் தெரியாதா?

கனடா ஆட்களைப் பற்றி ஒரு கதை. என் மச்சாள் குடும்பம் இரண்டு வருடத்துக்கு முதல் வந்தது. கூட்டிவர நானும் போனேன். அவர்களின் கடைசிப் பெடியனுக்கு ஐந்து வயது. வானில் ஏறினான். இருந்ததும் தன் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கையை விட்டுத் துழாவினான். சீற்றுக்கும் முதுகுக்கும் இடையில் கையை முழங்கை வரைக்கும் விட்டான். ஒரு கச்சான் கோதும் பழைய ரிக்கெற் துண்டும் எடுத்தான். "என்ன தேடுறாய்?" என்று கேட்டேன். விளங்காத மாதிரி என்னைப் பார்த்தான். தாய்தான் சொன்னாள்: "பெல்ற்றைத் தேடுறான் அண்ணை. அங்க போடாட்டி கார் ஸ்ராட் பண்ண விடமாட்டான்." பிறகு அவனிடம், "இஞ்ச தேவையில்லையடா, சும்மா இரு" என்றாள். அவன் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். நீர்கொழும்பு தாண்டுவதற்குள் எழும்பி நின்று முன் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டான். அந்த வானுக்கு நான் தைக்கவில்லை. தைத்திருந்தாலும் அவன் கைக்கு ஒன்றும் அகப்பட்டிராது.

அவர்கள் இருக்கிற ஒன்ராறியோவில் எட்டு வயதாகும் வரைக்கும், அல்லது 36 கிலோ நிறையோ 145 சென்ரிமீற்றர் உயரமோ வரும் வரைக்கும், பிள்ளைக்குத் தனிச் சீற் போட வேண்டும் என்று சட்டம். அங்கே அவர்களிடம் இருப்பது ரொயோட்டா சியென்னா. 2021 மொடலிலிருந்து எல்லாமே ஹைபிரிட், இரண்டு பக்கமும் சறுக்குக் கதவு, பொத்தானை அமத்தினால் தானே திறக்கும், சுற்றிவர எயார்பாக். மச்சான் போனில் படம் காட்டி அரை மணித்தியாலம் விளக்கினார். ஆனால் அப்படிப்பட்ட வான்களிலேயே பின் சீற் கவலையாக இருக்கிறது. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2023 இல் நாலு மினிவான்களை மோதிப் பார்த்தது: கிறைஸ்லர் பசிபிக்கா, ஹொண்டா ஒடிஸி, கியா கார்னிவல், ரொயோட்டா சியென்னா. சாரதிக்குப் பின்னால் சின்ன உடம்புப் பொம்மை ஒன்றைப் பெல்ற் போட்டு இருத்தினார்கள்; குள்ளமான பெண் அல்லது பன்னிரண்டு வயதுப் பிள்ளை அளவு. நாலில் ஒன்றுக்கும் அந்தச் சோதனையில் 'நல்லது' என்ற தரம் கிடைக்கவில்லை. முன் சீற்றுக்கு வருடா வருடம் புதுசு புதுசாகச் செய்தவர்கள் பின் சீற்றை மறந்துவிட்டார்கள் என்பதுதான் அங்கே பேச்சு. பெல்ற் போட்ட பொம்மைக்கே அந்த நிலை. எங்கள் பொம்மைகள் முன் சீற்றைப் பிடித்து ஆடிக்கொண்டு வருகின்றன.

இந்த நாட்டில் 2011 ஒக்ரோபரிலிருந்து முன்னால் இருக்கிற இரண்டு பேரும் பெல்ற் போட வேண்டும். அதனால் பொலிஸ் நிற்கிற இடத்தில் வாரை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு போவீர்கள், பூட்டாமல். பார்த்திருக்கிறேன். புகைச் சோதனை இல்லாமல் வரிப்பத்திரம் எடுக்க ஏலாது, ஆகவே வருடா வருடம் புகைக் குழாயைப் பார்க்கிறார்கள். பின் சீற்றில் லொக் இருக்கிறதா என்று என் கடைக்கு வந்த வான் ஒன்றையும் எவரும் திறந்து பார்த்ததாக நான் அறியேன். உங்கள் வானைச் செய்த யப்பானில் 2008 யூன் 1 முதல் பின் சீற்றிலும் பெல்ற் கட்டாயம். பொலிஸ் கேட்கட்டும், பிறகு போடுவோம் என்று இருக்காதீர்கள். மாடு பொலிசைக் கேட்டுவிட்டு வீதியில் படுப்பதில்லை.

எங்கள் வீதிக்கென்று சில விசயம் இருக்கிறது, வேறு ஊர்க்காரருக்கு விளங்காது. மழைக்காலத்து இரவில் தார் சூடாக இருக்கும் என்று மாடு வந்து படுக்கும். கறுப்பு மாடு என்றால் கண் மட்டும்தான் மின்னும், அதுவும் உங்களைப் பார்த்தால்தான். காலபோக வெட்டு முடிந்ததும் பாதி வீதிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். நெல்லுக்கு மேல் பிரேக் போட்டால் மணல்மேல் போட்ட மாதிரித்தான். ஒட்டுசுட்டான் பக்கம் யானை. கடவை போடாத ரெயில் பாதைகள். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நித்திரை பற்றியும் நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் வெளிக்கிட்டு, இரவு கட்டுநாயக்காவில் காத்து நின்று, அதே மூச்சில் திரும்பி விடியப்புறம் ஏ9 இல் ஏறுகிறீர்கள். நேர்கோட்டு வீதி, பின்னால் எல்லோரும் நித்திரை, ஏசி குளிர். புளியங்குளம் தாண்டியதும் கண் சொருகும். வெளிநாட்டு உறவுகளே, இந்த மடலை நீங்களும் வாசிப்பீர்கள் என்று தெரியும்: ஒரு வானுக்கு இரண்டு சாரதி கேளுங்கள், இரண்டாவது ஆளின் கூலியைக் கொடுங்கள். பிளேன் ரிக்கெற்றுக்குக் கொடுத்த காசோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. வானைப் பேசும்போது ஏசி இருக்கிறதா, பாட்டுப் போடலாமா என்று கேட்பதோடு, பின் சீற்றில் பெல்ற் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் வான்காரர் என்னிடம் வருவார்கள். இப்போது சிவப்பு ஓரம் கேட்டு வருகிற மாதிரி.

வான்காரருக்கு: பெல்ற் இருந்தாலும் ஆட்கள் போடமாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான். போடச் சொன்னால் ஓட்டத்தில் நம்பிக்கை இல்லாத சாரதி என்று நினைப்பார்கள் என்ற கூச்சமும் உங்களுக்கு இருக்கிறது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். முறிகண்டியில் நிற்காமல் வன்னியில் எந்த வானும் போவதில்லை. இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறுவார்கள். அந்த நேரம் எல்லோருக்கும் பிள்ளையார்மேல் ஒரு பயபக்தி இருக்கும். கதவைச் சாத்த முதல், "எல்லாரும் பெல்ற்றைப் போடுங்கோ, வெளிக்கிடப் போறன்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். முதல் தரம் சிரிப்பார்கள். தெற்கிலிருந்து வந்தால் முறிகண்டி வரும்போது பாதி ஆபத்து முடிந்துவிட்டது என்கிறீர்களா? சரி, ஓமந்தையில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது சொல்லுங்கள்.

போடுகிற விதமும் முக்கியம். இடுப்பு வார் வயிற்றுக்கு மேலே போகக்கூடாது, இடுப்பு எலும்பில் தாழப் படிய வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி என்றால் வயிற்றுக்குக் கீழே. தோள் வார் தோளில். கழுத்தில் உரசினால் பிள்ளை இன்னும் அதற்கு வளரவில்லை, உயர்த்துகிற சீற் வேண்டும். ஒரு வாருக்குள் இரண்டு பிள்ளைகளைப் போட்டால் இரண்டு மண்டையும் ஒன்றோடொன்று மோதும்.

பழைய பெல்ற்றைச் சோதிக்கக் கராஜ் தேவையில்லை. வாரை மெதுவாக இழுங்கள், வர வேண்டும். சடாரென்று இழுங்கள், பிடிக்க வேண்டும். விட்டால் தானே உள்ளே சுருள வேண்டும். முழு நீளத்தையும் வெளியே இழுத்து ஓரத்தைப் பாருங்கள். நூல் பிசிறியிருந்தாலோ வெயிலில் வெளிறி மொரமொரவென்று இருந்தாலோ அதை நம்ப வேண்டாம். ஊத்தை என்றால் சவர்க்காரத் தண்ணியால் துடையுங்கள், பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம். ஒரு தரம் பெரிய மோதலில் ஆளைப் பிடித்த வார் தன் வேலையை முடித்துவிட்டது. அதை மாற்ற வேண்டும், வெளியே நல்லதாகத் தெரிந்தாலும்.

என் பங்குக்கு நான் செய்யப் போவதைச் சொல்லிவிடுகிறேன். நான் தைத்த எந்த வானாக இருந்தாலும், எத்தனை வருடத்துக்கு முதல் தைத்ததாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவாருங்கள். சீற்றைக் கழற்றி, உறையைப் பிரித்து, உள்ளே விட்ட லொக்கை வெளியே எடுத்து, அதற்கு ஒரு வாய் வைத்துத் தைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம். ரெக்சின் கிழிந்தால் துண்டுக்கு மட்டும் காசு. வாயைச் சுற்றி ஓரம் பிடித்தால் வடிவாகவே இருக்கும், செய்து பார்த்துவிட்டேன். நான் வெட்டிய வார் உள்ள வான்களுக்கு அப்படிச் செய்ய ஏலாது. வெட்டியதை ஒட்டித் தைத்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், செய்யமாட்டேன். முழுசாகச் சுருள் பெட்டியோடு வாங்க வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கினால் மோதிய வானில் கழற்றியதில்லை என்று பார்த்து வாங்குங்கள். பூட்டுவது என் வேலை.

இனிமேல் யாராவது "உள்ளுக்கு விட்டுத் தையுங்கோ அண்ணை" என்றால் வேறு கடைக்குப் போகட்டும். இரண்டு வாடிக்கை ஏற்கனவே போய்விட்டது.

ஒன்பது மணிக்கு முதல் வந்தால் வெயிலுக்கு முன்னால் ஒரு வான் முடிக்கலாம். சீற் போல்ற் துருப்பிடித்திருக்கும், முதல் நாள் இரவே கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
பரந்தன் பக்கத்துக் குசன் கடைக்காரன்